ஃபார்முலா பாரத் டெக் இன்ஸ்பெக்ஷனுக்கு ஸ்டீயரிங்கை தயார் பண்றது எப்படி

காலேஜ் பட்டறையில நீங்களே வெல்ட் அடிச்சு கட்டின காரை, மாணவர்கள் கட்டின ரேஸ் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டிக்காக ஜனவரியில கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே டிராக்குக்கு எடுத்துட்டு போறீங்க, ஸ்டீயரிங் பொறுப்பு உங்க தலையில விழுந்திருக்கு, அப்படின்னா இது உங்களுக்குத்தான். டிசைன் பத்தி இங்க பேசப் போறதில்ல. அக்கர்மேன் எவ்வளவு, ரேக் ரேஷியோ ஏன் இப்படி வச்சீங்க, அதெல்லாம் டிசைன் ஜட்ஜ் கேப்பாரு, அவருக்கு பதில் சொல்லிக்கோங்க. டெக் இன்ஸ்பெக்ஷன்ல, அதாவது ஓட விடுறதுக்கு முன்னாடி காரை சோதிக்கிற இடத்துல நிக்கிற ஆளுக்கு அதுல ஒரு அக்கறையும் கிடையாது. ஸ்டீயரிங் வீல்ல இருந்து டயர் வரைக்கும் ஒவ்வொரு ஜாயிண்டும் என் கண்ணுக்கு தெரியுதா, கையில புடிச்சு ஆட்டினா ஆடுதா, கழண்டு வர்றதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா, இதைத்தான் அவர் பாக்குறாரு. அதனால நீங்களும் அவர் கையும் கண்ணுமா மாறி வேலை செஞ்சா போதும்.

முதல்ல ரூல்புக். ஃபார்முலா பாரத் ரூல்ஸ் ஃபார்முலா ஸ்டூடண்ட் ஜெர்மனி ரூல்ஸை ஒட்டி வர்றது, வருஷா வருஷம் அங்கங்க வார்த்தை மாறும், நம்பர் மாறும். சீனியர் அனுப்பின பழைய பிடிஎஃப்பை வச்சு வேலை பாக்காதீங்க. இந்த வருஷத்தோடதை எடுத்து ஸ்டீயரிங் பகுதி, ஃபாஸ்ட்னர் பகுதி ரெண்டையும் பிரிண்ட் போட்டு பட்டறை சுவத்துல ஒட்டுங்க. நிறைய டீம் ஸ்டீயரிங் பகுதியை மட்டும் படிச்சிட்டு ஃபாஸ்ட்னர் பக்கத்தை புரட்டவே மாட்டாங்க, கடைசியில மாட்டுறது என்னவோ அந்த போல்ட்டு நட்டுலதான்.

இப்ப ஆட்டத்துக்கு, அதாவது டயர் திரும்பாமலே வீல் சும்மா ஆடுற ஃப்ரீ பிளேக்கு வருவோம், பெரிய வேலை இதுதான். ரூல் சொல்றது ஸ்டீயரிங் வீல்ல அளந்தா மொத்த ஃப்ரீ பிளே 7 டிகிரிக்கு மேல இருக்கக்கூடாது. 7 டிகிரின்னா நிறைய மாதிரி தோணும், ஆனா 250 மி.மீ வீல்ல விளிம்புல அது சுமார் 15 மி.மீ தான், அதுவும் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ரெண்டும் சேர்த்து. புதுசா அசெம்பிள் பண்ண காரை டெஸ்டிங்ல ஓட்டி முடிச்சிட்டு வந்து பாத்தீங்கன்னா அது எவ்வளவு சீக்கிரம் அந்த பக்கம் போகுதுன்னு தெரியும், அதனால பட்டறையை விட்டு கிளம்பும்போது 3 டிகிரிக்குள்ள, அதாவது விளிம்புல ஆறு ஆறரை மி.மீக்குள்ள வச்சுக்கோங்க.

அளக்குறதுக்கு பெரிய கருவி எதுவும் வேண்டாம். காரை தரையில இறக்கி, டிரைவரை உள்ள உக்கார வச்சு, முன்னாடி ரெண்டு டயரையும் ரெண்டு பேர் முழங்காலை முட்டுக்கொடுத்து அசையாம புடிக்கணும். வீல் விளிம்புல ஒரு மாஸ்கிங் டேப், டேஷ்ல ஒரு கம்பியை முள்ளு மாதிரி நீட்டி விடுங்க. ஒரு விரலால வீலை மெதுவா ஒரு பக்கம் தள்ளுங்க, தடை தட்டுற இடத்துல ஒரு கோடு, அப்புறம் மறுபக்கம் தள்ளி இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்குறதுதான் உங்க ஆட்டம். பலமா முறுக்காதீங்க, பலமா முறுக்கினா ஸ்டீயரிங் காலம் (வீல்ல இருந்து கீழே போற தண்டு) முறுக்கறதும் பிராக்கெட் வளையறதும் சேர்ந்து வந்துடும், அது வேற வியாதி. இதை நேரா வச்சும் ஒருதடவை, பாதி லாக்ல (முழுசா திரும்புறதுல பாதி) வச்சும் ஒருதடவை பாருங்க. நேரா இருக்கும்போது நல்லா இருந்துட்டு பாதி லாக்ல ஆடுற கார் உண்டு, தலைகீழாவும் உண்டு.

அளந்தாச்சு, 9 டிகிரி வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. உடனே ரேக்கை, அதாவது சக்கரத்தை திருப்ப இடம் வலமா நகர்ற பல்லு வெட்டின கம்பியை குறை சொல்லிட்டு புது ரேக் தேட ஆரம்பிச்சுடுவாங்க நம்ம ஆளுங்க. 9 டிகிரியும் ஒரே இடத்துல இருக்காது, குயிக் ரிலீஸ்ல (வீலை சட்டுனு கழட்டுற பூட்டு) கொஞ்சம், யூ ஜாயிண்ட்ல (தண்டு கோணத்துல மடங்குற மூட்டு) கொஞ்சம், பினியன்ல (ரேக்கை நகர்த்துற பல்சக்கரம்) கொஞ்சம், ராட் எண்ட் (முனையில பால் வச்ச மூட்டு) போல்ட்டுல கொஞ்சம்னு சில்லறையா சிதறி இருக்கும். அதை தேடுறதுக்கு கண்ணை விட விரல் நல்லது. ஒருத்தர் வீலை இங்கிட்டும் அங்கிட்டும் சின்னதா ஆட்டிக்கிட்டே இருக்கட்டும், நீங்க மேல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஜாயிண்டுலயும் ஆட்காட்டி விரலை ரெண்டு பார்ட்டும் சேர்ற கோட்டு மேல வைங்க, பாதி விரல் இந்த பார்ட்டு மேல, பாதி விரல் அந்த பார்ட்டு மேல. ரெண்டும் சேர்ந்து நகர்ந்தா பிரச்சனை இல்ல. ஒண்ணு நகர்ந்து ஒரு நொடி கழிச்சு இன்னொண்ணு நகர்ந்தா விரல் நுனியில டிக்குனு ஒரு தட்டு தட்டும், அங்க சாக்பீஸ்ல ஒரு குறி போட்டுட்டு அடுத்ததுக்கு போங்க. கீழே டயர் வரைக்கும் போய் முடிச்ச அப்புறம்தான் ஸ்பேனரை கையில எடுக்கணும்.

குயிக் ரிலீஸ்ல இருந்து பாப்போம். ரூல்படி வீல் குயிக் ரிலீஸ்லதான் மாட்டியிருக்கணும், டிரைவர் நார்மலா உக்காந்த நிலையில, கையில க்ளவுஸ் போட்டுக்கிட்டே அதை கழட்டணும். மார்க்கெட்டுல சீப்பா கிடைக்கிற ஹெக்ஸ் டைப் புதுசுலயே கொஞ்சம் லொடலொடன்னு இருக்கும், ஓட ஓட மூலை தேஞ்சு இன்னும் கூடும், கட்டுப்படியாச்சுன்னா ஸ்ப்ளைன் (சுத்தி பல்லு வெட்டின) டைப்புக்கு போயிடுங்க. ஏற்கனவே ஹெக்ஸ்தான் வாங்கியாச்சுன்னா, ஹப் பீஸை லேத்துக்கு கொண்டு போய் பொருத்தமா புதுசா ஒண்ணு கடைஞ்சு வாங்குங்க, மெல்லிசா டேப்பை சுத்தி ஆட்டத்தை மறைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், கழட்டி காட்டுன்னு சொன்ன நிமிஷம் அது பல்லைக் காட்டும். க்ளவுஸ் டெஸ்ட்டை உண்மையான க்ளவுஸ், இறுக்கின பெல்ட், ஹெல்மெட் எல்லாத்தோடயும் பண்ணுங்க. டிரைவர் அஞ்சு செகண்டுல வெளிய வரணும்கிற டெஸ்டுலயும் முதல் தடங்கல் இந்த குயிக் ரிலீஸ்தான், அதனால வெளிய வர்ற ப்ராக்டிஸையும் இதையும் சேர்த்தே பண்ணிக்கலாம்.

அடுத்தது காலம். வீலை புடிச்சு உங்க நெஞ்சைப் பாத்து இழுங்க, அப்புறம் தள்ளுங்க, மேல கீழே ஆட்டுங்க. இன்ஸ்பெக்டர் வந்தவுடனே பண்றது இதுதான். ஷாஃப்ட் நீளவாக்குல கொஞ்சம்கூட சறுக்கக்கூடாது, ஒரு காலரோ சர்க்ளிப்போ அதை புடிச்சு நிறுத்தணும், யூ ஜாயிண்ட் புடிச்சுக்கும்னு விட்டீங்கன்னா அந்த லோடு எல்லாம் பினியன் பேரிங்குக்கு போகும். மேல கீழே ஆடினா ஃப்ரண்ட் ஹூப் (டிரைவருக்கு முன்னாடி இருக்குற பாதுகாப்பு வளைவுக் குழாய்) கிட்ட இருக்குற புஷ் தேஞ்சிருக்கு. நைலான் புஷ் போட்டிருந்தா குளிர்ல ஒரு ஃபிட், வெயில்ல ஒரு ஃபிட்னு இருக்கும், காலையில பட்டறையில இறுக்கமா சுத்தினது மதியம் டிராக்ல வேற மாதிரி சுத்தும். சின்ன சீல்டு பால் பேரிங் போட்டுட்டா தலைவலி போச்சு.

யூ ஜாயிண்ட் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். ஒரே யூ ஜாயிண்டை வச்சு பெரிய கோணத்துல திருப்பினீங்கன்னா ஸ்டீயரிங் ஒரு சுத்துக்குள்ளயே வெயிட்டாகி லேசாகும். 30 டிகிரி கோணத்துல, நீங்க ஒரே வேகத்துல சுத்தினாலும் பினியன் பக்கம் வேகம் சுமார் 0.87ல இருந்து 1.15 மடங்கு வரைக்கும் ஏறி இறங்கும். ரெண்டு யூ ஜாயிண்ட் போட்டு, ரெண்டு கோணமும் சமமா, நடு ஷாஃப்டோட ரெண்டு முனையில இருக்குற ஃபோர்க்கும் ஒரே திசையை பாத்த மாதிரி வச்சா ஒண்ணோட தப்பை இன்னொண்ணு சரிக்கட்டிடும். ஸ்ப்ளைன்ல கழட்டி மாட்டும்போது கொஞ்சம் பல்லு தள்ளி மாட்டிட்டீங்கன்னா சரிக்கட்டறதுக்கு பதிலா ரெண்டும் கூட்டு சேர்ந்துடும். அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே பெயிண்ட் மார்க்கர்ல ஷாஃப்ட் மேலயும் யோக் (அந்த ஃபோர்க்தான்) மேலயும் சேர்த்து ஒரே கோடு. இன்னொண்ணு, பின்ச் போல்ட். மாருதி 800, ஆம்னி ஜாயிண்ட் எடுத்து போடுற டீம்ல பாப்பேன், போல்ட் யோக்கை இறுக்கத்தான் இருக்குன்னு நினைச்சுப்பாங்க. அந்த போல்ட் ஸ்ப்ளைன்ல வெட்டியிருக்குற பள்ளம் வழியா போகணும், அப்பதான் போல்ட் லூஸானாலும் ஷாஃப்ட் வெளிய உருவிக்கிட்டு வராது. லேத்துல புதுசா ஷாஃப்ட் அடிச்சு வாங்கினீங்கன்னா அந்த பள்ளத்தை டிராயிங்குலயே போட்டு குடுங்க, வாயால சொன்னா மறந்துடுவாங்க.

வீல்ல இருந்து ரேக் வரைக்கும் எல்லா ஜாயிண்டும் மெக்கானிக்கலா இருக்கணும், இன்ஸ்பெக்ஷன்ல கண்ணுக்கு தெரியணும். கார்பன் ட்யூபுல அலுமினியம் இன்ஸர்ட்டை பசை போட்டு ஒட்டி காலம் பண்ற டீம்கள் இதை கவனிக்கணும், பசை எவ்வளவு நல்ல பசையா இருந்தாலும் அதுக்கு துணையா பின்னோ போல்ட்டோ கட்டாயம், அதுவும் பசை முழுசா விட்டுப்போனாலும் அந்த போல்ட் மட்டுமே ஸ்டீயரிங்கை தாங்குற மாதிரி. ஜாயிண்ட் மேல அழகுக்கு பூட் மாட்டி, கேபிள் டை இறுக்கி, கறுப்பு டேப் சுத்தி வச்சிருந்தா எல்லாத்தையும் அங்கேயே பிரிக்கச் சொல்லுவாங்க, அதனால நீங்களே பிரிச்சுட்டு போங்க.

ரேக். நம்ம ஊருல பழைய மாருதி 800 ரேக்கை வெட்டி சின்னதாக்கி போடுறது வழக்கம். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, கரி டிராக்குக்கு பேர் குடுத்த ரேஸ்காரர் எஸ். கரிவரதனே மாருதி 800 இன்ஜினை வச்சு சிங்கிள் சீட்டர் கட்டினவர்தான். ஆனா ரேக் கம்பியையே வெட்டி நடுவுல வெல்ட் அடிக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஹார்டன் பண்ண ஸ்டீல், வெல்ட் பக்கத்துல நொறுங்குற தன்மை வந்துடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. முனையை வெட்டி மரை போட்டுக்கோங்க. பழைய ரேக்குல நடுப்பல்லு மட்டும் தேஞ்சிருக்கும், ஏன்னா அது வாழ்நாள் முழுக்க நேர்ரோட்டுலதான் ஓடியிருக்கு. பினியனுக்கு எதிர்ப்பக்கம் ஸ்ப்ரிங் வச்ச ஒரு பிளக்கும் அதை அழுத்துற ஸ்க்ரூவும் இருக்கும், அதை நடுவுல வச்சு ஆட்டம் போற வரைக்கும் இறுக்குனீங்கன்னா ரெண்டு ஓரத்துலயும் கல்லு மாதிரி டைட்டாயிடும். கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஒவ்வொரு தடவையும் லாக் டு லாக் சுத்தி பாத்து, ஓரத்துல கனக்க ஆரம்பிக்கிற இடத்துல இருந்து லேசா பின்வாங்கி லாக் நட்டை போடுங்க. அப்பவும் நடுவுல ஆட்டம் நிறைய இருந்தா அந்த ரேக்குக்கு ஆயுசு முடிஞ்சது, வேற பாருங்க.

ரேக் ஹவுசிங் சேஸிஸ்ல நிக்கிற பிராக்கெட்டை, கார் தரையில இருக்கும்போது பாருங்க, ஸ்டாண்டுல தூக்கி வச்சு பாத்தா லோடே இருக்காது, எல்லாம் அம்சமாத்தான் தெரியும். ஒருத்தர் வீலை பலமா திருப்ப, நீங்க ரேக் மேல கை வச்சு பாத்தா ஹவுசிங் நகர்றது தெரியும். வெல்ட் பண்ண தகடு ஓரத்துல பெயிண்ட் மயிரிழை மாதிரி வெடிச்சிருந்தா பெயிண்டை சுரண்டிட்டு டை பெனிட்ரன்ட் (விரிசலை காட்டிக்கொடுக்குற சாயம்) அடிச்சு பாருங்க.

டை ராட் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி), ராட் எண்ட் விஷயத்துல ரூல் தெளிவா இருக்கு. அட்ஜஸ்ட் பண்ற ராட் எண்டுக்கு ஜாம் நட் (அது தானா சுத்தாம பூட்டுற நட்) கட்டாயம். ராட் எண்ட் டபுள் ஷியர்ல, அதாவது ரெண்டு தகடு நடுவுல இருக்கணும், இல்லேன்னா பால் இருக்குற ஹவுசிங் ஓட்டையை விட பெரிய வாஷரோ போல்ட் தலையோ மூடியிருக்கணும், பால் கழண்டாலும் ராட் தனியா கையோட வந்துடக்கூடாது. டை ராட்டை கையால அதோட அச்சுல முறுக்கி பாருங்க, ராட் எண்ட் சாயுற அளவுக்கு மட்டும் உருளணும். ஃபுல் லாக்ல வச்சு ஒரு சக்கரத்தை ஜாக்குல தூக்கும்போது ராட் எண்ட் கழுத்து தகடுல இடிக்குதான்னு பாக்கணும், இடிச்சா ஆட்டமும் வரும், வளைஞ்சும் போகும். கோன் ஸ்பேசர் ரெண்டு பக்கமும் போட்டா சரியாயிடும்.

ஸ்டாப்பர் பத்தி ஏனோ யாரும் சீரியஸா எடுத்துக்கிறதில்ல. ரேக் பல்லு முடியுற இடம்தானே ஸ்டாப்னு விட்டுடுவாங்க. ரூல் கேக்குறது ஸ்டீயரிங் லிங்கேஜ் மடிஞ்சு பூட்டிக்காம தடுக்குற, டயரும் ரிம்மும் விஷ்போன்லயோ (சஸ்பென்ஷன் கை) பாடியிலயோ இடிக்காம தடுக்குற நிஜமான ஸ்டாப். ரேக் கம்பியில ரெண்டு பக்கமும் காலர் போடுறது சுலபம், அப்ரைட்லயும் (சக்கரத்தை தாங்குற பார்ட்) வைக்கலாம். செக் பண்ணும்போது டேம்பரை (ஷாக் அப்சார்பர்) கழட்டிட்டு சக்கரத்தை முழுசா மேல, முழுசா கீழேன்னு ரெண்டு நிலையிலயும் வச்சு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்க ஃபுல் லாக் அடிச்சு பாருங்க. டயருக்கும் விஷ்போனுக்கும் நடுவுல கை விரல் போகணும், பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது, டை ராட்டும் ஸ்டீயரிங் ஆர்மும் ஒரே நேர்கோட்டுக்கு கிட்ட கூட வரக்கூடாது. அந்த நேர்கோட்டை தாண்டிட்டா வீலை எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் திரும்பி வராது, அதைத்தான் ரூல் மடிஞ்சு பூட்டிக்கிறதுன்னு சொல்லுது.

சரி, போல்ட்டுக்கு வருவோம். ஸ்டீயரிங்ல இருக்குற ஒவ்வொரு போல்ட்டும் கிரிட்டிக்கல், 8.8 கிரேடோ அதுக்கு மேலயோ இருக்கணும், ஹெக்ஸ் போல்ட் இல்லேன்னா ஆலன் கேப் தான், தலை உருண்டையா இருக்குற பட்டன் ஹெட்டெல்லாம் செல்லாது. ஹார்ட்வேர் கடையில பளபளன்னு எஸ்எஸ் போல்ட் எடுத்து நீட்டுவாங்க, துருப்பிடிக்காது தம்பின்னு சொல்லுவாங்க, அவங்க சொல்றது உண்மைதான், ஆனா அதோட தலையில ஏ2-70ன்னு இருந்தா அதோட இழுவிசை பலம் 700 எம்பிஏ தான், 8.8க்கு 800 வேணும், அதனால இங்க உதவாது. போல்ட் தலையில கிரேடு நம்பர் தெரியணும், மேல பெயிண்ட் அடிச்சு மூடிடாதீங்க, பில்லை பத்திரமா ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

லாக்கிங்க்கு, அதாவது போல்ட் தானா கழலாம பூட்டுறதுக்கு, நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் வச்சது), காட்டர் பின், சேஃப்டி வயர் இதெல்லாம் ஏத்துப்பாங்க. ஸ்ப்ரிங் வாஷர், லாக்டைட் ரெண்டையும் பாசிட்டிவ் லாக்கிங்கா ஏத்துக்க மாட்டாங்க, போட்டா தப்பில்ல, கணக்குல சேராது அவ்வளவுதான். நட்டுக்கு வெளிய முழுசா ரெண்டு மரையாவது நீட்டியிருக்கணும், போல்ட் சின்னதா இருந்தா நட்டு உள்ளேயே முடிஞ்சிடும், பாக்குற ஆளு முதல்ல குனிஞ்சு பாக்குறதும் அதுதான். அதுக்காக ஒரு இஞ்ச் நீட்டி விட்டா டிரைவர் கால்ல குத்தும். நைலாக்கை டெஸ்டிங் நேரத்துல பிடிப்பு இருக்குற வரைக்கும் கழட்டி மாட்டுங்க, இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி கடைசி அசெம்பிளியில எல்லாம் புதுசு போடுங்க, கையால முழுசா திருகி உள்ள போற நைலாக் செத்த நைலாக். 8.8 போல்ட்டுக்கு எம்6னா சுமார் 10 நியூட்டன் மீட்டர், எம்8னா சுமார் 25, டார்க் ரெஞ்ச்ல இறுக்கின உடனே நட்டுலயும் தகடுலயும் சேர்த்து பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுட்டா அப்புறம் டிராக்ல ஒரு பார்வையிலயே லூஸானது தெரிஞ்சிடும். அலுமினியத்துல நேரடியா மரை போட்டு போல்ட் இறக்கியிருந்தா, நட்டு போட இடமில்லேன்னா, தலையில ஓட்டை போட்ட போல்ட் வாங்கி சேஃப்டி வயர் கட்டுங்க, வயர் இழுக்குற திசை போல்ட்டை இறுக்குற பக்கமா இருக்கணும். தப்பான பக்கம் கட்டின வயரும் பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அதுல பிரயோஜனம் இல்ல.

வீல் விஷயம் சீக்கிரம் முடிஞ்சிடும். சுத்தி மூடின வட்டமோ முட்டை வடிவமோ இருக்கணும், அங்கங்க நேரா இருக்கலாம், உள்பக்கம் குழிஞ்சிருக்கக்கூடாது, மேல பாதி வெட்டின ஃபார்முலா ஒன் ஸ்டைல் ஆசையை விட்டுடுங்க. ஃப்ரண்ட் ஹூப்ல இருந்து பின்னாடி 250 மி.மீக்குள்ள இருக்கணும், எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் ஹூப்போட உச்சிக்கு மேல போகக்கூடாது. முட்டை வடிவ வீல் நேரா இருக்கும்போது கீழேதான் இருக்கும், 90 டிகிரி திருப்பினா நீளப்பக்கம் மேல எழும்பும், அப்ப ஸ்கேலை ஹூப் மேல வச்சு பாருங்க.

டிரைவர் கால் இருக்குற இடத்துல நகர்ற ஸ்டீயரிங் பார்ட்ஸை கெட்டியான தகடு போட்டு மூடணும், அதே தகடு இன்ஸ்பெக்ஷனுக்கு கழண்டும் வரணும். ரிவெட் அடிச்சு நிரந்தரமா மூடிட்டு போய் அங்க டிரில் மிஷின் கடன் கேட்டு அலையிற டீம் வருஷா வருஷம் ஒண்ணாவது இருக்கும். குவார்ட்டர் டர்ன் (கால் சுத்துல கழண்டு வர்ற பூட்டு) மாதிரி ஏதாச்சும் போட்டு வைங்க.

அன்னிக்கு காலையில வரிசையில நிக்கிறதுக்கு முன்னாடி அந்த டேப்பையும் முள்ளையும் வச்சு ஆட்டத்தை இன்னொரு தடவை அளந்துடுங்க, டெம்போவுல குலுங்கி வந்த கார், எதுவேணா லூஸாகியிருக்கலாம். உள்ள போகும்போது அந்தந்த ஸ்பேனர், ஆலன் கீ, டார்க் ரெஞ்ச், ஒரு டப்பா புது நைலாக், சேஃப்டி வயர் ப்ளையர், டார்ச் எல்லாம் ஒரே பையில கையோட இருக்கட்டும். கேள்விக்கு பதில் சொல்றதுக்கு அந்த ஸ்டீயரிங்கை கையால கட்டின ஆளு நிக்கணும், பேசத் தெரிஞ்ச கேப்டன் இல்ல. "சார், இந்த ஜாயிண்ட் இங்க இருந்து தெரியாது, இந்தப் பக்கமா குனிஞ்சா தெரியும்"னு சொல்லி டார்ச் அடிச்சு காட்டுறது கட்டின ஆளுக்குத்தான் வரும். ஏதாச்சும் ஒண்ணு சரியில்லேன்னு எழுதிட்டா வாதாடாதீங்க, எந்த ரூல் நம்பர்னு மரியாதையா கேட்டு குறிச்சிக்கிட்டு பிட்டுக்கு போய் சரி பண்ணி அன்னிக்கே திரும்ப வரிசைக்கு வந்துடுங்க, மதியத்துக்கு மேல வரிசை நீண்டுக்கிட்டே போகும்.